பழைய பேசிக்கை நிறுத்திய என் மகனுக்கு

மகனே, இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து சேரும் முன்பே நம் குழுவில் எல்லாரும் இதைப் படித்திருப்பார்கள். அதற்காக என் மேல் கோபப்படாதே. இந்த விதியைப் போட்டவனே நீதான். நம் கம்ப்யூட்டர் எழுத்துக் கட்டில் கோளாறு ஏதாவது இருந்தால் ஒருவர் காதில் ஒருவர் கிசுகிசுக்கக் கூடாது, மாதாமாதம் வரும் குழுத் தாளில் எல்லாரும் பார்க்க எழுத வேண்டும், அப்போதுதான் திருத்துகிறவனுக்கும் தெரியும், அதே கோளாறில் தவிக்கிற இன்னொருவருக்கும் தெரியும் என்று கோவில் ஹாலில் நின்றுகொண்டு பிரசங்கம் செய்தாய். ஃபாதர்கூட அன்று அவ்வளவு நீளமாகப் பேசவில்லை. ஆகவே தாயாக எழுத வேண்டியதையும் குழுவில் ஓர் ஆளாக எழுத வேண்டியதையும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். மெல்பர்னில் இப்போது குளிர் என்று எழுதியிருந்தாய். ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து படி.

உனக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். தாளைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்கும் புரிய வேண்டுமே. நான் ஷென்டன் வேயில் கம்ப்யூட்டருக்குக் கார்டு துளைக்கும் வேலைக்குப் போய், பிறகு புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டவள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசைக்கு வேண்டிய பாட்டுத் தாளைக் கையால் எழுதி எழுதிச் சலித்துப்போய்தான், வீட்டு மெஷினில் தமிழ் எழுத்து வரைய ஒரு புரோகிராம் எழுதினேன். அதுதான் இந்த எழுத்துக் கட்டு. பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த நீ பக்கத்தில் உட்கார்ந்து அதைக் குடைந்தாய். பிறகு தோ பாயோவிலிருந்து செல்வம் வந்தார், அவர்கள் கோவில் திருவிழா அறிவிப்புக்கு வேண்டுமென்று. சிராங்கூன் ரோட்டில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர் வந்தார். ஜொகூரிலிருந்து உட்லண்ட்ஸ் வழியாக ஒரு வாத்தியார் வந்துபோனார். வந்தவர்கள் எல்லாரும் புரோகிராமைத் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், காசு வாங்காமல் அடுத்தவருக்குக் கொடுக்கலாம். திருத்தியதைத் திரும்பக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் சட்டம். எந்தத் திருத்தம் உள்ளே போகலாம் என்று தீர்மானிக்கிற தாய் டிஸ்க் முதலில் என்னிடம் இருந்தது. பிறகு உன்னிடம் கொடுத்தேன். உனக்குக் கொடுத்ததில் எனக்கு எவ்வளவு பெருமை என்று ஹாலில் இருந்த எல்லாருக்கும் தெரியும், நான் மறைக்கவும் இல்லை.

தொல்லை இரண்டு பேசிக்கில் வந்தது. புரோகிராம் எழுதுகிற பாஷைக்குத்தான் பேசிக் என்று பேர். முதலில் வந்த மெஷின்களில் இருந்தது பழைய பேசிக். அதற்குப் புள்ளி வைத்த எண்ணே தெரியாது. பிறகு வந்தவற்றில் புதிய பேசிக். டிஸ்க் இரண்டிலும் ஒரே மாதிரி உள்ளே போகும், ஆனால் ஒன்றுக்கு எழுதியது மற்றதில் ஓடாது. அதனால் எந்தத் திருத்தத்தையும் இரண்டு முறை எழுதி, இரண்டு முறை சோதித்து, இரண்டையும் ஒரே டிஸ்கில் போட்டுத் தந்துகொண்டிருந்தோம். ஒரு பக்கம் நேராக்கினால் மறுபக்கம் கோணும். நீ வேலைக்குப் போய்விட்டு வந்து, சாப்பிட்ட கையைக்கூட ஒழுங்காகக் கழுவாமல் அதில் உட்காருவதை நான்தானே பார்த்தேன். மெல்பர்ன் வேலை முடிவானதும் நம் சமையலறையில் வைத்து நீ கேட்டாய்:

"அம்மா, ஒரே வேலைய ரெண்டு தடவ செஞ்சிக்கிட்டு இருக்கோம். அந்தப் பழசு மெஷின இன்னும் யாரு யூஸ் பண்றா? ஒரு ஆள காட்டுங்க லா, நான் நிறுத்தல."

என்னால் ஒரு ஆளைக் காட்ட முடியவில்லை. குழம்பைக் கிளறிக்கொண்டே, "எதுக்கும் தாள்ல போட்டுக் கேளு" என்றேன். நீயும் ஒழுங்காகத்தான் கேட்டாய். பழைய பேசிக் பயன்படுத்துகிறவர்கள் தெரிவிக்கவும் என்று தொடர்ந்து மூன்று மாதம் தாளில் கட்டம் கட்டிப் போட்டாய். பதில் வரவில்லை. நீ விமானம் ஏறிய மாதத் தாளில் எழுதினாய்: "ஒருவரும் சொல்லவில்லை. ஆகவே இனி வரும் டிஸ்கில் பழைய பேசிக் இருக்காது." கட்டு பாதியாக இளைத்தது, எழுத்துகள் வழவழவென்று வந்தன, எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கும் சந்தோஷம்தான். பொய் சொல்ல மாட்டேன்.

அன்று காட்ட முடியாத அந்த ஓர் ஆளை இப்போது காட்டுகிறேன். உன் ஞானத்தகப்பன், அந்தோணி மாமா.

உனக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று உன்னைக் கையில் ஏந்தி நின்றவர் அவர். ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் கிரேன் ஓட்டியவர். கீழே நிற்கிறவன் காதில் விழ வேண்டுமென்று மேலேயிருந்து கத்திக் கத்தியே பழகிய தொண்டை. பூசையில் அவர் பாட ஆரம்பித்தால் மற்றவர்கள் வாயை மட்டும் அசைத்தால் போதும். அந்த மனுஷனுக்கு வாதம் அடித்து, பேச்சு குழறி, வலது கை விழுந்துவிட்டது. உள்ளே நினைவும் சொல்லும் அப்படியே இருந்தன, வெளியே வர வழிதான் இல்லை. இடது கையால் எழுதினால் கோழி கிளறியது போல இருக்கும். அப்போது நீதான் போனாய். பூன் லேயில் அவர் வீட்டில் கிடந்த மெஷினை டிவியோடு மாட்டி, நம் எழுத்துக் கட்டை வைத்து, ஒரு விரலால் தட்டினால் பெரிய பெரிய எழுத்தாக டிவியில் வருகிற மாதிரி செய்து கொடுத்தாய். அவர் மனைவி மேரி அத்தை பொத்தான்மேல் தமிழ் எழுத்தை வெட்டி வெட்டி ஒட்டினாள். அவர் முதல்முதல் என்ன தட்டினார் என்று ஞாபகம் இருக்கிறதா? "டீயில் சீனி போதாது." அவ்வளவு மாதமாகச் சீனி போதாத டீயைக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். நாம் எல்லாரும் சிரித்து அழுதோம்.

அவர் மகள் ஸ்டெல்லா புது மெஷின் வாங்கித் தரப்போகிறேன் என்று சொல்லியிருந்தாள். வாங்கியிருப்பாள் என்று நீ நினைத்தாய், நானும் நினைத்தேன். அவள் வாங்கவில்லை. இருப்பது நன்றாகத்தானே ஓடுகிறது என்று மாமாவே வேண்டாம் என்றாராம். நடக்க முடியாததால் அவர் ஹாலுக்கு வருவதில்லை, நற்கருணைகூட வீட்டுக்குத்தான் போகிறது. மேரி அத்தை பூசைக்கு வருவாள், தாளை எடுக்க மாட்டாள். "அது கம்ப்யூட்டர் ஆளுங்களுக்கு" என்பாள். ஆக, உன் கட்டம் கட்டிய கேள்வி அந்த வீட்டுக்குள் போகவே இல்லை. நீ கதவைத் தட்டியதாக நினைத்தாய். உள்ளே யாருக்கும் சத்தம் கேட்கவில்லை.

போன மாதம் அவர் டிஸ்க் தேய்ந்து எழுத்து தடுமாற ஆரம்பித்தது. இதை ஹாலுக்குக் கொண்டுபோய்ச் சரிபண்ணி வா என்று அவரே டிவியில் தட்டிக் காட்டி அத்தையை அனுப்பியிருக்கிறார். நம் வழக்கம் உனக்குத் தெரியும். புது டிஸ்க் விலை அதிகம் என்று ஆரம்ப நாளிலிருந்தே, அவரவர் டிஸ்கை வாங்கி அதன் மேலேயே புதுக் கட்டைப் போட்டுத் தருவோம். செல்வம் மேஜையில் இருந்தார். "அத்தை, புதுசு போட்டுத் தரவா?" என்று கேட்டிருக்கிறார். "ஆமாப்பா, புதுசாவே போட்டுக் குடு, அவங்க சந்தோஷப்படுவாங்க" என்றாளாம் அவள். புதுசு வேண்டுமா என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? செல்வம் போட்டுக் கொடுத்தார். மாமா பேசிக்கொண்டிருந்த டிஸ்க் அந்த மேஜையிலேயே அழிந்துபோனது. அத்தை நன்றி சொல்லி, செல்வம் பிள்ளைகளுக்கு பிஸ்கட் வேறு கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

வீட்டில் டிஸ்கை உள்ளே போட்டதும் மெஷின் ஒரு தடவை கூவி, ஆங்கிலத்தில் ஒரு வரி காட்டி நின்றுவிட்டது. மாமா மறுபடி போட்டார். மறுபடியும் அதே கூவல். அத்தைக்கு ஆங்கிலம் படிக்க வராது, மாமாவுக்கும் அவ்வளவாக வராது. அவர் பொத்தான்களைக் குத்தினார், மேஜையைத் தட்டினார், கடைசியில் டீக் கோப்பையைத் தூக்கி எறிந்தார். இத்தனை வருஷம் தானாக ஓட்டின மெஷினை ஓட்டத் தெரியாமல் கோபப்படுகிறாரே என்று அத்தை பயந்துபோனாள். கிளினிக்கில் அதைத்தான் சொல்லியிருக்கிறாள். மறுபடி லேசாக வாதம் வந்திருக்கலாம், நினைவு குறைய ஆரம்பித்திருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியுமா? அவருக்குக் கிடைத்த விவரம் அவ்வளவுதான். இல்லை என்று சொல்ல வேண்டிய ஒரே ஆள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார், தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டிக்கொண்டு. அந்த ஆட்டலையும் நோயின் கணக்கில்தான் சேர்த்தார்கள்.

இதொன்றும் எனக்குத் தெரியாது. உன் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்ததும், முதல் பத்திரிகை ஞானத்தகப்பனுக்கு என்று எடுத்துக்கொண்டு பூன் லேக்குப் போனேன். ஸ்டெல்லாவும் அங்கே இருந்தாள். மாமா நாற்காலியில், சவரம் செய்யாத முகத்தோடு. டிவி மேல் துணி போட்டு மூடியிருந்தது. நான் பத்திரிகையை அவர் மடியில் வைத்தேன். அத்தை அதை எடுத்து என்னிடமே திருப்பிக் கொடுக்கப் பார்த்தாள்.

"அவங்களுக்கு இப்ப ஒண்ணும் வெளங்கல தங்கச்சி. எங்கிட்ட குடு."

ஸ்டெல்லா காப்பியைக் கலக்கிக்கொண்டே சொன்னாள், "ஒரு ஹோம்ல பார்த்து வச்சிருக்கோம் ஆன்ட்டி. நல்ல எடம், சிஸ்டர்ஸ் பார்த்துக்குவாங்க. அம்மாவால தனியா முடியல லா. அப்பாவுக்கு எங்க இருந்தாலும் ஒண்ணுதானே இப்ப."

மாமாவுக்கு முன்னாலேயே, வீட்டில் கிடக்கிற பழைய அலமாரியைப் பற்றிப் பேசுவது போலப் பேசினாள். அவள் கெட்ட பெண் இல்லை. கண்ணெல்லாம் வீங்கியிருந்தது, அழுது முடித்துவிட்டுத்தான் பேசுகிறாள் என்று தெரிந்தது. நான் கிளம்ப எழுந்தபோது மாமா இடது கையால் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். "பாருங்க, இப்டித்தான், விட மாட்டாங்க" என்று அத்தை கையை எடுத்துவிட வந்தாள். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. துணி போட்டு மூடிய டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஏதோ உறைத்தது. துணியை எடுத்து மெஷினைப் போட்டேன். அது கூவியது. சின்டாக்ஸ் எரர். எழுதியிருப்பது எனக்குப் புரியவில்லை என்று மெஷின் சொல்கிற வரி. பழைய பேசிக் மெஷினுக்குள் புதுக் கட்டு. அந்த வரியை என் வாழ்க்கையில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்து அன்றுதான் அழுதேன்.

பழைய பதிப்பு யாரிடமாவது இருக்கும் என்று எல்லாரையும் கேட்டேன். செல்வம் தோ பாயோவில் வீடு வீடாக ஏறி இறங்கினார், பாவம், அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பத்திரிகை அடிக்கிறவர் டிராயரைக் கவிழ்த்துத் தேடினார். எல்லார் டிஸ்க் மேலும் புதுசு ஏறிவிட்டது. என்னுடையது மேலும்தான். ஊரில் ஒரு பழைய கட்டுகூட மிஞ்சவில்லை. அவ்வளவு ஒழுக்கமான குழுவை நாம் வளர்த்திருக்கிறோம்!

வேறு வழியில்லாமல் அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் பூன் லேக்குப் போய், பழைய பேசிக்கில் மறுபடி எழுத உட்கார்ந்தேன். எழுத்தின் வடிவங்களை உன் புதுக் கட்டிலிருந்து பார்த்துப் பார்த்துக் கையால் மாற்ற வேண்டியிருந்தது. பொழுது சாய்வதற்குள் பாதி எழுத்துகூட முடியவில்லை. தண்ணீர், வலி, பசி, இதற்கெல்லாம் வேண்டிய எழுத்தை முதலில் போட்டேன். நோயாளிக்கு அவைதான் வேண்டும் என்று நானாக முடிவு செய்துகொண்டேன், பார். அத்தையும் ஸ்டெல்லாவும் பின்னால் நின்றார்கள். மெஷினை அவர் பக்கம் தள்ளினேன். இருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, இல்லாததை விட்டுத் தாண்டி, ஒரு விரலால் தட்டினார்.

"எல்லாம் காதில் கேட்டது."

அவ்வளவுதான். தண்ணீர் கேட்கவில்லை, வலிக்கிறது என்று சொல்லவில்லை. மேரி அத்தை தரையிலேயே உட்கார்ந்து அவர் காலைக் கட்டிக்கொண்டாள். ஸ்டெல்லா "அப்பா, சாரிப்பா, சாரிப்பா" என்று சொல்லிக்கொண்டே சமையலறைக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. ஹோமுக்குப் போவது நின்றுவிட்டது. ஆனால் அந்த மூன்று பேரும் இப்போது ஒருவரை ஒருவர் பார்க்கிற பார்வை பழையபடி இல்லை. டிஸ்கில் இருப்பதை இன்னொன்றை மேலே போட்டு அழித்துவிடலாம். அவர் காதில் விழுந்ததை எதைப் போட்டு அழிப்பது? அதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது.

நீ இப்போது என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். பெற்றவள் அல்லவா. நாம் பழையதை நிறுத்தினோமே தவிர யாரிடமிருந்தும் பிடுங்கவில்லை, இருப்பது இருக்கிறபடி ஓடும் என்று தாளிலேயே எழுதினேனே என்பாய். எழுதினாய், சரிதான். ஆனால் மேலேயே போட்டுத் தருகிற வழக்கத்தை நீயும் மறந்தாய், மேஜையில் இருந்தவர்களும் மறந்தார்கள். அடுத்து, ஏன் ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்பாய். அதை மட்டும் கேட்காதே. பழைய பேசிக் போனால் யாருக்குப் பேச்சே போகுமோ, அவரிடம் போய், போனதை ஏன் சொல்லவில்லை என்று கேட்கிற கேள்வி அது.

உனக்கு மூன்று வயது இருக்கும், பஸ் நம்பரெல்லாம் மாற்றிய சமயம். உன் அப்பா உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பழைய ஸ்டாப்பிலேயே நின்றுகொண்டிருந்தார். நம் பஸ் எதிர்ப் பக்கம் வேறு நம்பரில் போய்க்கொண்டே இருக்கிறது. அறிவிப்பெல்லாம் ஒட்டித்தான் இருந்தார்கள், நாங்கள் அந்த வாரம் ஊரில் இல்லை. கடைசியில் எதிர்ப் பக்கம் காப்பிக் கடையில் இருந்த ஒரு சீனக் கிழவர், தம் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு, ரோட்டைக் கடந்து வந்து, உன் அப்பா சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அந்தப் பக்கம் நிறுத்தினார். பாஷை தெரியாது, ஒரு வார்த்தை பேசவில்லை. உன் அப்பா இறந்துபோகிற வரைக்கும் அந்தக் கிழவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பார். நம்பரை மாற்றாதே என்று நான் சொல்லவில்லை, மகனே. மாற்றத்தான் வேண்டும். இரண்டு முறை எழுதுகிற வேதனை எனக்குத் தெரியாததா? ஆனால் மாற்றுகிறவன் ரோட்டைக் கடந்து போய், பழைய ஸ்டாப்பில் யாராவது நிற்கிறார்களா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு வர வேண்டும். கட்டம் கட்டிப் போட்டது போதாது.

கல்யாணம் நெருங்குகிறது, இதையெல்லாம் ஏன் ஊரறிய எழுதினீர்கள் என்று உன் பெண் வீட்டார்கூடக் கேட்கலாம். மணப்பெண்ணுக்கும் இதைப் படித்துக் காட்டு. கட்டிக்கொள்கிறவள் ஒன்றும் சொல்லாமல் இருக்கிற நாள்களும் வரும். அப்போது அவளுக்குக் குறையே இல்லை என்று முடிவு கட்டிவிடாதே, பக்கத்தில் போய் உட்கார்ந்து கேள். இதுதான் உனக்கு நான் தருகிற கல்யாண புத்திமதி, வேறு பெரிதாக ஒன்றும் என்னிடம் இல்லை.

எழுதலாமா என்று மாமாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதும்மா, எம் பேரையும் போடு" என்று அத்தை சொன்னாள். மாமா கொஞ்சம் யோசித்துவிட்டு, "தம்பியைத் திட்டாதே" என்று தட்டினார். அதனால்தான் இந்தக் கடிதம் இவ்வளவு சாதுவாக இருக்கிறது.

இன்னும் பாதி எழுத்து மீதி இருக்கிறது. என் கண்ணும் முன்போல இல்லை, ஒவ்வொரு ஞாயிறும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நகர்கிறது. பழைய கட்டு உன்னோடு கொண்டுபோன தாய் டிஸ்கில் எங்காவது மிச்சம் இருக்கிறதா, அதையும் அழித்துவிட்டாயா, தெரியவில்லை. இருந்தால் அனுப்பு. இல்லாவிட்டால் உட்கார்ந்து எழுது. கல்யாணத்தன்று உன் நெற்றியில் சிலுவை போட அவருக்கு இடது கை இருக்கிறது. ஆசீர்வாதத்தைச் சொல்ல எழுத்து வேண்டும். மெஷினையும் டிவியையும் ஹாலுக்குக் கொண்டுவருவதாகச் செல்வம் சொல்லியிருக்கிறார்.

எனக்குப் பதில் போட வேண்டாம். தாளிலும் போட வேண்டாம். அவருக்கு எழுது. டிஸ்கில் எழுதி அனுப்பு, டிவியில் அவரே படித்துக்கொள்வார். பழைய பேசிக்கில் எழுது, மகனே. வேறு எதில் எழுதினாலும் அந்த வீட்டில் திறக்காது.

உன் அம்மா